வேலைக்கு வந்த விரல்

வேல்குமாருக்கு யாரையும் பாராட்டிப் பழக்கம் கிடையாது. பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருபத்திரண்டு வருசம் குப்பை கொட்டியவன். ஒருத்தர் நன்றாகத் தைத்தால் "ம்" என்பான். மோசமாகத் தைத்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்துவான். அந்த மனுசன் ஒரே ஒரு ஆளைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வான். அது செல்லத்தாய்.

செல்லத்தாய் சங்கரன்கோவில் பக்கம். கல்யாணமான மறுவருசமே மழை பொய்த்துப் புருசன் ராமரோடு திருப்பூருக்குப் பஸ் ஏறியவள். வந்த புதிதில் கைமடி. டெய்லர் தைத்துத் தள்ளும் துணியை வாங்கி மடித்து அடுத்த பீஸை எடுத்துக் கொடுக்கிற வேலை. இரண்டு வருசம் டெய்லர் கையைப் பார்த்தே தொழிலைத் திருடிக்கொண்டாள். சாப்பாட்டு மணி அடித்து எல்லாரும் தூக்குச்சட்டியைத் திறக்கையில், இவள் காலி மெஷினில் உட்கார்ந்து கழிவுத் துணியில் தையல் ஓட்டிப் பழகுவாள். வேல்குமார் ஒருநாள் பிடித்துவிட்டான்.

"கரண்டு என்ன உங்கப்பன் ஊட்டுதா?"

"எங்கப்பன் வீட்ல கரண்டே கெடையாதுண்ணே. அதுக்குத்தான் இங்கன வந்திருக்கேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அடுத்த மாசமே அவளை டெய்லர் ஆக்கினான்.

அவள் அவனை அண்ணே என்பாள். அவன் அவளை அக்கா என்பான். யார் மூத்தவர் என்று இருவரும் கடைசிவரை கணக்குப் பார்க்கவில்லை.

விபத்து நடந்தது ஒரு செப்டம்பர் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை. குழந்தை உடுப்பு ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. கால் இடுக்கில் மூன்று டிச் பட்டன் அடிக்கணும். பட்டன் அடிக்கிற பையன் ஊருக்குப் போய்விட்டான். சரக்கு மறுநாள் வண்டி ஏற வேண்டும். "அக்கா, ஒரு ரெண்டு மணி நேரம் அதுல உக்காருங்க" என்று சொன்னது வேல்குமார்தான். விரல் உள்ளே போகாமல் இருக்க அந்த மெஷினில் ஒரு கம்பி இருக்கும். வேகத்துக்கு இடைஞ்சல் என்று அதை எப்போதோ கழற்றிப் போட்டிருந்தார்கள். அதுவும் வேல்குமாருக்குத் தெரியும்.

மூன்று மணி, டீ வருகிற நேரம். மெஷின் ஒரு தடவை வேறு மாதிரி சத்தம் போட்டது. அவன் திரும்பிப் பார்த்தான். செல்லத்தாய் கத்தவில்லை. வலது கையை இடது கையால் பிடித்து மடியோடு அமுக்கிக்கொண்டு, "அண்ணே, பீஸெல்லாம் ரத்தமாகுது, எடுங்க" என்றாள்.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போயின.

மேனேஜர் தன் காரிலேயே தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். செலவெல்லாம் கம்பெனி பார்த்துக்கொண்டது. எப்படி ஆச்சு என்று நர்ஸ் கேட்டபோது, வீட்டுக் கதவில் நசுங்கியது என்று மேனேஜர் சொன்னார், அப்படியே எழுதிக்கொண்டார்கள். மயக்க மருந்து ஏறிக்கொண்டிருந்த செல்லத்தாய் அதற்கும் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

அன்றைக்குச் சாயங்காலம் லைனில் வேறு ஒரு கவலை வந்தது. தீபாவளிக்கு ஐம்பத்துச் சொச்சம் நாள் இருக்கிறது. திருப்பூரில் வருசம் முழுக்க ஓடுவது எதுக்கு? தீபாவளி போனசுக்கு. அது வேலை செய்த நாளைப் பொறுத்தது. இப்போது ரெண்டு மாசம் படுத்துவிட்டால் அக்காவுக்கு முழு போனஸ் போச்சு, வாரச் சம்பளமும் போச்சு. என்ன செய்யலாம் என்று இருபது பேரும் வேல்குமார் முகத்தைப் பார்த்தார்கள். டீக்கடைப் பெஞ்சில் வைத்து முடிவானது. அவளுக்கு உண்டான பீஸை ஆளுக்குக் கொஞ்சமாக லைனே தைத்து முடிப்பது. வருகைக்கு என்ன வழி? வாசலில் கைரேகை மெஷின் இருக்கிறது. அதன் சீக்ரெட் நம்பர் வேல்குமாருக்குத் தெரியும். ஒரு ஆளுக்கு மூன்று விரல்வரை அதில் ஏற்றலாம். செல்லத்தாயின் நம்பர் 318. வலது ஆள்காட்டி, இடது ஆள்காட்டி என்று அவள் விரல்கள் ரெண்டு ஏற்கெனவே அதில் இருந்தன. அந்த நம்பரில், பக்கத்து மெஷின் அபிராமியின் இடதுகைப் பெருவிரலை மூன்றாவது விரலாக ஏற்றினான்.

மறுநாள் காலையிலிருந்து அபிராமி தன் வலது விரலை வைத்துத் தனக்கு ஒன்று, இடது பெருவிரலை வைத்து அக்காவுக்கு ஒன்று என்று ரெண்டு தடவை உள்ளே வந்தாள். மேனேஜருக்கும் தெரியும். விபத்து ரிப்போர்ட் எழுதாமல் தப்பினோம் என்று அவர் கண்டுகொள்ளவில்லை. அத்தனை பேரும் நல்லது செய்தார்கள். ஒருத்தருக்கும் அது தப்பு என்று படவில்லை.

தீபாவளி லீவு முடிந்து செல்லத்தாய் வேலைக்கு வந்தாள். வந்தவள் தன் இடத்துக்குப் போகவில்லை. நேராக அந்தப் பட்டன் மெஷினுக்குப் போனாள். அதற்குள் கம்பியைத் திரும்ப மாட்டியிருந்தார்கள். உட்கார்ந்து, இடது கையால் பீஸை நகர்த்தி, அரை மணி நேரம் பட்டன் அடித்தாள். லைன் மொத்தமும் மெஷின் மிதிக்கிறதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. கத்த வேண்டிய வேல்குமாரும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் எழுந்து வந்து சொன்னாள்:

"பயம் போயிருச்சுண்ணே. இனி எனக்கு ஆகுற வேலையா குடுங்க."

தையல் ஆகவில்லை. பிசிறு வெட்டப் போட்டான். டெய்லர் சம்பளம் போய் ஹெல்பர் சம்பளம். கத்தரியை இடது கைக்கு மாற்றினாள். முதல் மாசம் மற்றவர்களில் பாதி. நாலாம் மாசம் அவர்களுக்குச் சமம். ஒரு வருசத்தில் அவள் மேஜைதான் முதலில் காலியாகும். வேல்குமார் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் "ம்" என்பான். அவன் சொன்ன "ம்"களில் பாதிக்கு மேல் அந்த மேஜைக்கு முன்னால் சொன்னதுதான்.

ரெண்டு வருசம் கழித்துத் தொழிற்சங்கத்து மருதாசலம் டீக்கடையில் அவள் டம்ளர் பிடித்திருப்பதைப் பார்த்தார்.

"ஏனுங்மா, இது எங்க போச்சு?"

"கம்பெனியிலதான்யா."

"இ.எஸ்.ஐ. இருக்குதுல்ல? வேலையில போன விரலுக்கு சாகுற வரைக்கும் மாசாமாசம் அவங்க தருவாங்களே. லேட்டாக் கேட்டாலும் நாம வுட்ட மாசத்தையெல்லாம் சேத்தித் தருவாங்க. வேலையில போச்சுன்னு காட்டோணும், அவ்வளவுதான்."

அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானுக்குள் செல்லத்தாய் ஒன்றேகால் வருசம் நடந்தாள்.

இ.எஸ்.ஐ. ஆபீசில் மனுக் கொடுத்தாள். ஏன் இத்தனை தாமதம் என்று கேட்டார்கள், அதற்கு ஒரு மனு. கம்பெனிக்குக் கடிதம் போனது, பதில் வர ரெண்டு மாசம். டாக்டர்கள் குழு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து இருபது சதவீதம் என்று எழுதிவிட்டது. அதில் ஒரு தகராறும் இல்லை. தகராறு தேதியில்தான். ஆஸ்பத்திரிச் சீட்டு வீட்டுக் கதவு என்கிறது. கம்பெனி ரெக்கார்டோ விபத்து நடந்ததாகச் சொல்லும் நாளுக்கு மறுநாளே இவள் வேலைக்கு வந்ததாகச் சொல்கிறது. ரெண்டுமே இவளுக்கு எதிராக இருந்தன. வேலையில் பட்ட காயம் என்று ஆகாவிட்டால் பழைய பாக்கியும் இல்லை, இனிமேல் வருகிறதும் இல்லை.

கூப்பிட்ட நாளுக்கெல்லாம் சம்பளத்தை விட்டுவிட்டுப் போனாள். போய்விட்டு வந்து மறுநாள் மேஜையில் உட்கார்ந்து பிசிறு வெட்டினாள். என்ன ஆச்சு என்று கேட்டால், "அடுத்த மாசம் வரச் சொல்லியிருக்காக" என்பாள். சலிப்பாகச் சொல்ல மாட்டாள். சந்தைக்கு நாள் சொல்வது போலச் சொல்வாள்.

ஒரு விசாரணைக்குக் கம்பெனி சார்பில் வருகைப் பதிவைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. மேனேஜர் வேல்குமாரை அனுப்பினார். "பேப்பரைக் குடு, கேட்டா ரெக்கார்டுல இருக்கறதுதானுங்கன்னு சொல்லு. வேற எதும் பேசாத."

அதிகாரி பேர் விஜயகுமாரி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பேப்பரைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கிற அம்மா. மேஜைக்கு இந்தப் பக்கம் ரெண்டு நாற்காலி. ஒன்றில் செல்லத்தாய், ஒன்றில் வேல்குமார். செல்லத்தாய் வலது கையை மறைக்காமல் மேஜைமேல் வைத்திருந்தாள்.

"செப்டம்பர் நாலாம் தேதி காலைல எட்டு இருபத்தாறுக்குப் பஞ்ச் ஆகியிருக்கு. அஞ்சாம் தேதி எட்டு இருபத்தேழு. தீபாவளி வரைக்கும் ஒரு நாள் தவறலை. நீங்க ஆஸ்பத்திரில இருந்தேன்னு சொல்றீங்க. அப்ப இதை வெச்சது யாரும்மா?"

"நான் இல்ல மேடம்."

"அது புரியுது. வெச்சது யாருன்னு கேக்கறேன்."

வேல்குமாருக்குத் தெரியும்: ஒரு வார்த்தை போதும். இவன் பேரைச் சொன்னால் காரியம் முடிந்தது. சொல்ல வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் பக்கம் கண்ணைத் திருப்பினால்கூடப் போதும், அந்த அம்மா பிடித்துக்கொள்ளும். செல்லத்தாய் கண் திரும்பவில்லை. அதிகாரியின் முகத்திலேயே இருந்தது.

"அதச் சொன்னா ரெண்டு பேரு சோத்துல மண்ணு விழும் மேடம். அத மட்டும் விட்டுட்டு வேற எது வேணாலும் கேளுங்க."

"அதைச் சொல்லாம நான் எப்படிம்மா தேதி போடறது? உங்க பணம்மா இது. சாகற வரைக்கும் வர்ற பணம்."

"தெரியும் மேடம்."

அதிகாரி கண்ணாடியை இறக்கினார். இன்னொரு மாசம் தேதி கொடுத்தார்.

திரும்பி வருகையில் ரெண்டு பேருக்கும் ஒரே டவுன் பஸ். செல்லத்தாயே ரெண்டு டிக்கெட் எடுத்தாள். ரெண்டு ஸ்டாப் தாண்டியதும் கேட்டான்.

"எம்பேரச் சொல்லீருக்கலாமுல்லங்க்கா?"

"நீங்க கெடுதல் நெனச்சுச் செஞ்சிருந்தா மொத நாளே சொல்லியிருப்பேன்."

"மெஷின்ல உக்கார வெச்சதும் நாந்தானுங்க."

"எந்திரிக்க எனக்குக் காலு இல்லையாக்கும்? விடுங்கண்ணே."

"இப்படியே எத்தன நாளைக்கு நடப்பீங்க?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வெரலு போயி ஆறு மாசம் வரைக்கும் என் கைக்கே அது தெரியல. சோறு பெசையப் போனா அந்த ரெண்டு வெரலும் இருக்காப்புல நீளும். ஒடம்புக்கே ஆறு மாசம் ஆச்சுன்னா ஆபீசுக்கு நாலு வருசம் ஆகாதா?"

அன்றைக்கு ராத்திரிச் சோறு பிசைகையில் வேல்குமார் தன் ஆள்காட்டி விரலை மடக்கிப் பார்த்தான். நாலு கவளத்துக்கு மேல் முடியவில்லை. என்னங்க பண்றீங்க என்று பெண்சாதி கேட்டாள். ஒன்றுமில்லை என்றான். ஒரு மனுசி தனக்கு வர வேண்டியதைக் கேட்டு ஒன்றேகால் வருசம் நடக்கிறாள், அதை வாங்கித் தருகிற ஒரே வார்த்தையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு நடக்கிறாள். இப்படி ஒரு ஆளை அவன் பார்த்ததில்லை.

உடனே போய் உண்மையைச் சொல்லிவிட்டான் என்று சொன்னால் அது பொய். மூன்று வாரம் ஆனது. ரெண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், வீட்டுக் கடன் ஓடுகிறது. நாலாவது ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு பல்லடம் போனான்.

அபிராமியைப் பல்லடத்தில் தறிக்காரர் வீட்டில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தறிச் சத்தத்தில் கத்திக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. பாதி கேட்டதுமே அவள் இடுப்புப் பிள்ளையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"ஒண்ணேகால் வருசமா நடக்காங்களா? போன மாசங்கூட போன் பண்ணாங்களே. பிள்ளைக்குப் பல்லு மொளைச்சிருச்சாட்டின்னு கேட்டாங்க. இதப்பத்தி ஒரு வார்த்த பேசல பாருங்க."

"அந்தம்மா பேசாது. நாமதான் பேசோணும். உனக்குப் பயமா இருந்தா நான் மட்டும் போறேன் கண்ணு."

"உங்க வெரல வெச்சா மெஷினு யாரு பேரைச் சொல்லும்? உங்க பேரைச் சொல்லும். என் வெரலுதான வேணும்?"

அப்போதுதான் வேல்குமாருக்குப் பொறி தட்டியது. 318-இல் ஏற்றிய அந்தப் பெருவிரலை அவன் அழிக்கவே இல்லை. செல்லத்தாய் திரும்பி வந்ததிலிருந்து இடது ஆள்காட்டி விரலை வைத்து வந்துபோனாள். அபிராமியின் விரல் உள்ளே அப்படியே கிடந்தது.

திங்கட்கிழமை அவன் விஜயகுமாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். அந்த அம்மா நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. "கண்ணால பாக்கணும்" என்றார். மேனேஜருக்குத் தகவல் போனால் மெஷினில் கைவைத்துவிடுவார் என்று வேல்குமார் சொன்னான். வியாழக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல், பதினோரு மணி டீ நேரத்தில் அந்த அம்மா கம்பெனி வாசலில் வந்து இறங்கினார். பின்னாலேயே பல்லடம் பஸ்ஸில் வந்த அபிராமி.

டீ டம்ளரோடு லைன் மொத்தமும் வாசலில் நின்றது. மேனேஜர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வந்தார். செல்லத்தாய்க்கு ஒன்றும் புரியவில்லை. அபிராமியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"ஏட்டி, நீ எதுக்கு வந்தே? போ. பிள்ளையப் போட்டுட்டு..."

"பிள்ள எங்கயும் போகாதுக்கா. செத்த தள்ளுங்க."

"முதல்ல நீங்க வைங்கம்மா, வலது ஆள்காட்டி" என்றார் அதிகாரி செல்லத்தாயிடம்.

செல்லத்தாய் வலது கையைத் தூக்கி மெஷின் முன்னால் கொண்டுபோனாள். விரல் இருக்க வேண்டிய இடம் அந்தக் கண்ணாடிக்கு எதிரே காலியாக நின்றது. மெஷின் பச்சை வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு காத்திருந்தது. அதற்கு என்ன தெரியும்? அங்கே நின்ற இருபது பேரும் அந்தக் கையைத் தினமும் பார்க்கிறவர்கள். ஆனால் அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

"இப்ப நீங்க" என்றார் அதிகாரி.

அபிராமி சேலையில் இடது பெருவிரலைத் துடைத்துவிட்டு வைத்தாள். மெஷின் எப்போதும் போலக் குழைந்த குரலில் "தேங்க் யூ" என்றது. திரையில் எழுத்து வந்தது. 318. செல்லத்தாய்.

இத்தனை பேர் சேர்ந்து மூடி வைத்ததை ஒரு பெட்டி தன் வாயால் சொல்லிவிட்டது.

"இந்த விரலை ஏத்தினது யாரு?"

"நானுங்க" என்றான்.

செல்லத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். "கெடுத்தீங்களேண்ணே. நான் வாயக் கட்டிக்கிட்டுக் கெடந்ததெல்லாம் எதுக்கு?"

"உங்களுக்கு வாயக் கட்டத் தெரியுதுங்க்கா. எனக்குத் தெரியல."

சனிக்கிழமை வேல்குமாருக்குக் கணக்கு முடித்து, திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். கம்பெனிக்கு அபராதம் போட்டார்கள் என்று கேள்வி. அபிராமியிடம் வாக்குமூலம் எழுதி வாங்கிக்கொண்டு, இனி இப்படிச் செய்யக் கூடாது என்று சொல்லி விட்டுவிட்டார்கள். வேல்குமார் நாலு மாசம் வீட்டில் இருந்தான். அப்புறம் அவிநாசிபாளையத்தில் ஒரு சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டில், முன்னைவிடக் கம்மிச் சம்பளத்துக்குச் சேர்ந்தான். அங்கே போன முதல் நாள் எல்லா மெஷினிலும் விரல்காப்புக் கம்பி இருக்கிறதா என்று பார்த்தான். ஒன்றில் இல்லை. அன்றைக்கு அவன் போட்ட சத்தத்தில் முதலாளியே எழுந்து வந்துவிட்டார்.

ஆறு மாசம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, செல்லத்தாய் அவன் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு கடிதம். அவளுக்கே எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். ராமரும் படிப்பான். ஆனாலும் ரெண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

"நீங்க வாசிங்கண்ணே."

வேல்குமார் எட்டாவதோடு நின்றவன். விரலை வரிமேல் ஓட்டி மெதுவாகப் படித்தான். மாசம் ரெண்டாயிரத்து நானூற்றுச் சொச்சம், ஆயுள் முழுக்க. பழைய பாக்கி ஒரு லட்சத்துக்கு மேல், மொத்தமாக வங்கிக் கணக்கில் ஏறும். வேலைக்கு வராமல் படுத்திருந்த ரெண்டு மாசத்துக்கு மட்டும் கிடையாது. அதற்குச் சம்பளம் வாங்கியாயிற்று.

"அது அபிராமி பெருவெரலு சம்பாதிச்சதுல்ல" என்று சிரித்தாள். "சரி, தொகைய விடுங்க. மேல என்னமோ போட்டிருக்காகளே, அத வாசிங்க."

"காயம் ஏற்பட்ட நாள்: செப்டம்பர் மூன்று. காயம் ஏற்பட்ட இடம்: தொழிற்சாலை, பட்டன் பொருத்தும் இயந்திரம். பணியின்போது ஏற்பட்ட காயம்."

"கதவுன்னு இல்லைல்ல?"

"கதவு இல்லீங்க்கா."

அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வலது கையை இடது கையால் தடவிக்கொண்டாள். கண் கலங்கவில்லை. கூலி வாங்கிக்கொண்டு கணக்குச் சரியாக இருக்கிறது என்று பார்ப்பவள் முகம் போல இருந்தது. வேல்குமாரால் அந்த முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. இத்தனை காலமும் அவள் கேட்டு நடந்தது இந்த வரிக்குத்தான் என்று அப்போதுதான் அவன் மண்டைக்கு ஏறியது.

"இன்னொருக்கா வாசிங்கண்ணே."

வாசித்தான். மூன்றாம் தடவையும் வாசித்தான்.

அடுப்படியிலிருந்து பெண்சாதி குரல் கொடுத்தாள்: "அதையேதான் எத்தன தடவைங்க படிப்பீங்க?"

"கேக்கறவங்க கேக்கறாங்க. நீ டீயப் போடு" என்றான் வேல்குமார். விரலை மறுபடி முதல் வரிக்குக் கொண்டுபோனான்.